காதர் பாய் கடைக்குப் பின்னால் ஒரு புள்ளி

"அசையாதீங்க தங்கச்சி!" என்றார் காதர் பாய்.

நான் அசையவில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீர். அசைய வேண்டும் என்று நினைத்தாலும் எதை முதலில் கீழே போடுவது என்று தெரிந்திருக்காது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் அவருடைய மளிகைக் கடையின் பின்வாசல் அது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் மழை அன்றைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் மல்லி, கருவாடு, புதுச் சாக்கு மூன்றும் கலந்த வாசனை. வெளியே பின்சந்தில், சாக்கடை மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது. அதே இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது.

மூக்கு மட்டும்தான். நீளமாக, ஈரமாக, நாலு பக்கமும் துழாவும் மூக்கு.

பாய் மெல்லச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அந்த மூக்குக்குப் பின்னால் என்ன வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணிக்குக் காலங்காத்தாலே ஒரு மளிகைக் கடையின் பின்சந்தில் என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். பாயையும் நினைப்பீர்கள். அவர் மனைவி இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்.

இராமர் தொடாத அணில்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக: சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பல் கிளினிக். டாக்டர் துளை போடுவார். நான் பக்கத்தில் நின்று உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வேன். இந்தத் தெருவில் பாதிப் பேரை எனக்கு முகத்தைவிட வாயால்தான் நன்றாக அடையாளம் தெரியும். காதர் பாய்க்கு மேல்தாடையில் இடது பக்கம் செயற்கைப் பல் கட்டிப் பாலம் போட்டபோதும் குழாய் என் கையில்தான் இருந்தது.

வீடு ஆங் மோ கியோவில். மகள் திருமணமாகிப் போன பிறகு சனி, ஞாயிறுகள் நீண்டுவிட்டன. அப்போதுதான் எங்கள் சமூக மன்ற அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் சின்னச் சின்ன விலங்குகளைப் பிரித்தறிந்து, எது எங்கே வாழ்கிறது என்று தீவு முழுக்க வரைபடம் போடத் தொண்டூழியர்கள் தேவை என்று எழுதியிருந்தது.

"எலி பிடிக்கவா போறே?" என்றார் என் கணவர்.

"பிடிக்க இல்ல. யாருன்னு பாக்க."

"யாருன்னு பாத்துட்டு?"

மறுநாளே சமூக மன்றத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி வகுப்பு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டோரம். நடத்தியவள் ஹுய் மின் என்ற ஆராய்ச்சி மாணவி. தொப்பி, தூரநோக்காடி, முதுகுப்பை. என் மகளைவிடச் சின்னவள். எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டாள். ஆங்கிலத்தில்தான் பேசுவாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

கிளையில் ஓடிய ஒன்றைக் காட்டி, "அது என்ன, ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

நன்றாகப் பார்த்தேன். பழுப்பு நிறம், புசுபுசுவென்று வால், வயிறு ஆரஞ்சு. "தெரியல. ஆனா அணில் இல்ல" என்றேன் உறுதியாக.

"எப்படிச் சொல்றீங்க?"

"முதுகுல மூணு கோடு இல்லையே."

ஹுய் மின் விழித்தாள். இராமர் பாலம் கட்டிய கதையையும், மணல் சுமந்த அணிலை அவர் மூன்று விரலால் தடவிக்கொடுத்த கதையையும் காட்டோரத்தில் நின்று நான் விளக்க வேண்டியதாயிற்று. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் யோசித்தாள். "அப்ப அவர் சிங்கப்பூர் வரல போல. இது அணில்தான் ஆன்ட்டி. வாழை அணில்னு பேரு. கோடு முதுகுல இல்ல, விலாவுல இருக்கு பாருங்க."

இருந்தது. பிறந்ததிலிருந்து இதே அணிலைத்தான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் யாராவது அணில் என்று சொன்னால் மனசுக்குள் வருவது என்னவோ மூன்று கோடு போட்ட படம்தான்.

சற்று நேரத்தில் இன்னொன்று தரையில் ஓடியது. அதே நிறம், அதே வால். இந்த முறை விடக் கூடாது என்று, "வாழை அணில்!" என்று கத்தினேன். "இல்ல ஆன்ட்டி, மூக்கப் பாருங்க" என்றாள். மூக்கு ஒரு முழம் இருந்தது. அது மர மூஞ்சூறாம். அணிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம். பெயரில் மூஞ்சூறு இருந்தாலும் மூஞ்சூறுக்கும் சொந்தமில்லையாம். எனக்குத் தலை சுற்றியது. ஆளுக்கு ஒரு குடும்பம், வாலை மட்டும் எல்லாரும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

என் மானம் மத்தியானம்தான் திரும்பி வந்தது. ஹுய் மின் இரண்டு குட்டி மண்டையோடுகளைக் கொண்டுவந்து எங்களிடம் சுற்றுக்கு விட்டாள். மற்றவர்கள் நீளத்தையும் அகலத்தையும் பார்த்தார்கள். எனக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும்? பல்லைப் பார்த்தேன்.

ஒன்றில் முன்னால் உளிபோல் மஞ்சள் பற்கள். அதற்குப் பின் பல் துலக்கும் பிரஷ்ஷே நுழைகிற அளவுக்கு இடைவெளி, அப்புறம் கடைவாய்ப் பற்கள். இன்னொன்றில் இடைவெளியே இல்லை. முன்னாலிருந்து பின்வரை வெள்ளை வெளேரென்று கூர்கூராக வரிசை.

"இது எலி, இது கொறிக்கிற வாய்" என்றேன். "இது கொறிக்காது. பூச்சியக் கவ்வி நொறுக்குற வாய்."

ஹுய் மின் குதித்துவிட்டாள். அது வீட்டு மூஞ்சூறின் மண்டையோடு. "ஆன்ட்டி, லிட்டில் இந்தியா கட்டம் உங்களுக்குத்தான்" என்றாள். தீவின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் காடும் பூங்காவும் கிடைத்தன. எனக்கு நான் தினமும் நடக்கும் தெரு கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கோவில் பக்கமும் கடைப் பக்கமும்

வேலை சுலபம்தான். கடைக்காரர்களிடம் பேச வேண்டும். என்ன பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். படம் இருந்தால் வாங்க வேண்டும். கைபேசியில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எலி என்றால் சிவப்பு, மூஞ்சூறு என்றால் பச்சை.

முதலில் போனது பூக்கடை செல்வியிடம். கோவில் ஒன்றின் பின்சுவரை ஒட்டியது அவள் கடை. எந்தக் கோவில் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே போய்க் கும்பிட வேண்டியிருக்கிறது.

"மூஞ்சூறா? தினமும் வருதுக்கா!" என்றாள் செல்வி, சரம் கட்டும் விரல் நிற்காமலே. "பிள்ளையார் வாகனம் இல்லையா, வேற எங்க போகும்? நான் தேங்காச் சில்லு வைக்கிறேன், அழகா ரெண்டு கையாலயும் புடிச்சுத் திங்கும்."

அந்தச் சுவரோரம் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். எல்லாமே மூஞ்சூறு, எல்லாமே வாகனம். என் வரைபடம் பச்சைப்பசேலென்று ஆயிற்று.

எதிர்ப்பக்கம் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே நிலைமை நேர்மாறு. "இங்கயா? சேச்சே. பக்கத்துக் கடையில கேளுங்க." பக்கத்துக் கடையில் கேட்டால், "நம்ம கடையில ஒண்ணும் இல்லக்கா, அடுத்த கடைதான் கொஞ்சம் அப்படி இப்படி." அடுத்த கடைக்காரர் அதற்கடுத்த கடையைக் கை காட்டினார். இப்படியே போய், தெருவைச் சுற்றி, நான் கிளம்பிய கடைக்கே திரும்பி வந்து நின்றேன். முதல் ஆள் என்னைப் பார்த்ததும், "என்ன, அங்க இருந்துச்சா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

ஒருபக்கம் எதைப் பார்த்தாலும் தெய்வ வாகனம். மறுபக்கம் எதையும் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரே ஒரு தெரு.

காதர் பாய் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"எங்க கடையில எலி கிடையாது."

"எலியக் கேக்கல பாய். மூஞ்சூறு."

"அதுவும் கிடையாது. பல்லிகூட எங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் உள்ள வரும்."

பொய்யில்லை. அவர் கடையைப் போல் சுத்தமான கடை அந்த வரிசையில் கிடையாது. பருப்பு, அரிசி எல்லாம் மூடி போட்ட டப்பாக்களில். தரையை ஒரு நாளைக்கு எத்தனை முறை துடைப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் சுத்தத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. காரணத்தையும் அவரே சொன்னார்.

கொஞ்ச வருஷங்களுக்கு முன் அதே வரிசையில் ஒரு கடையில் யாரோ ஒரு வாடிக்கையாளர் அலமாரிக்கு அடியில் ஒரு வாலைப் படம் பிடித்தார். மத்தியானத்துக்குள் அது எல்லார் கைபேசியிலும் இருந்தது. அந்தக் கடைக்கு அப்புறம் ஆள் வரவில்லை. கொஞ்ச நாளில் கடையையே மூடிவிட்டார்கள்.

"வால் மட்டும்தான் தெரிஞ்சுச்சு தங்கச்சி" என்றார் பாய். "அது என்ன வாலுன்னு ஒருத்தர் கேக்கலியே."

வெள்ளைக் கட்டம்

மாதக் கடைசி நெருங்கும்போது ஹுய் மின் கூப்பிட்டாள். குரலில் உற்சாகம் இல்லை.

"ஆன்ட்டி, கோவில் பக்கத்துப் படமெல்லாம் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். செல்வி அனுப்பிய படத்தில், சாமந்தி இதழ்களுக்கு நடுவில், தேங்காய்ச் சில்லை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது கொழுகொழுவென்று ஓர் எலி. பெரிய காது, உருண்டைக் கண், மஞ்சள் பல். மூஞ்சூறுக்குக் கண் கடுகளவுதான் இருக்கும். வால் அடியில் தடித்து, நுனி நோக்கிக் கூம்பிப் போகும்; வால் முழுக்க நீள நீளமாக ஒற்றை ஒற்றை முடி இருக்கும். அந்தச் சுவரோரத்திலிருந்து வந்த ஒரு படத்திலும் அது எதுவும் இல்லை.

"இந்த டேட்டாவ வச்சு மேப் போட முடியாது ஆன்ட்டி. எது எங்க வாழுதுன்னு இதுல தெரியல. மக்கள் எத எங்க பாக்க ஆசைப்படுறாங்கன்னுதான் தெரியுது. மாசக் கடைசிக்குள்ள நிச்சயமான ஒரு மூஞ்சூறு படம் கிடைக்கலன்னா உங்க கட்டத்த வெள்ளையா விட்டுடுவோம்."

"வெள்ளைன்னா?"

"இல்லைன்னு அர்த்தம் இல்ல. நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. தீவின் அத்தனை மூலையிலிருந்தும் ஆள் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் கழுத்தில் கேமராவோடு வருவார்கள். இதைப் போய்த் தெரியாத இடம் என்றால்? மெக்ரிட்சி கட்டத்துக்கு வண்ணம் உண்டு, ஆங் மோ கியோவுக்கு உண்டு, சைனாடவுனுக்கும் உண்டு. என் வாழ்க்கையில் பாதியைக் கழித்த தெருவுக்கு மட்டும் வெள்ளையா? கோபத்தில் அன்றைக்கு ஒரு நோயாளியின் கன்னத்துக்குள் உறிஞ்சு குழாயைக் கொஞ்சம் அழுத்தியே வைத்துவிட்டேன். பாவம், அவரால் பேச முடியாது.

இங்கே மூஞ்சூறு இருக்கிறது என்று எனக்கு நிச்சயம். சந்துகளில் அந்தக் கஸ்தூரி நெடியை முகர்ந்திருக்கிறேன், சாக்கடை ஓரம் அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறைச் சுவரோரமாக ஒன்று ஓடும். அம்மா விளக்குமாற்றை எடுப்பார், அப்பா, "பிள்ளையார் வாகனம், விடு" என்பார், அம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு அப்பாவைத் திட்டுவார். அதனால் அந்த நெடி எனக்கு மறக்காது. ஆனால் நெடியைப் படம் பிடிக்க முடியாதே.

செல்வியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"எலியா?" அவள் சரம் கட்டும் விரல் நின்றுவிட்டது. "சாமி வாகனத்தப் போய் எலிங்கிறீங்களேக்கா!"

"பல்லு மஞ்சளா இருக்கு செல்வி. மூஞ்சூறுக்கு வெள்ளைப் பல்லு."

"ஏன், உங்ககிட்ட வந்து அது பல்லக் காட்டுச்சா?"

அன்று எனக்குக் கட்டிக்கொடுத்த மல்லிகையில் ஒரு சாண் குறைந்தது. கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் நான் இல்லை.

அதற்குப் பிறகுதான் வேலைக்கு முன்னால் பின்சந்துகளில் நடக்க ஆரம்பித்தேன். கிளினிக் திறப்பதற்கு நேரம் இருக்கும். கையில் தே தாரிக், மறு கையில் குடை. சில நாள் பூனை, சில நாள் எலி, பல நாள் ஒன்றும் இல்லை. மாதம் முடியப் போகும் ஒரு காலையில் மழை கொட்டியது. ஒதுங்க இடம் தேடியபோது காதர் பாய் பின்கதவைத் திறந்து, "உள்ள வாங்க தங்கச்சி, நனையாதீங்க" என்றார்.

மழையில் ஒரு ரயில்

இப்போது அந்த மூக்குக்கு வருவோம்.

மூக்குக்குப் பின்னால் தலை வந்தது. கடுகுக் கண், சாம்பல் உடம்பு. இடுக்கிலிருந்து வெளியே வந்ததும் அது நின்றது. அதன் பின்புறத்தை வாயால் கவ்விப் பிடித்தபடி ஒரு குட்டி வந்தது. அந்தக் குட்டியின் பின்புறத்தைக் கவ்வியபடி இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறமும் வந்துகொண்டே இருந்தன.

சாக்கடைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. தாய் குடும்பத்தோடு வீடு மாறுகிறாள்.

தாய் ஓடினால் எல்லாம் ஓடின. தாய் நின்றால் எல்லாம் நின்றன. சுவரை ஒட்டியே, ஈரத் தரையில், எம்ஆர்டி ரயில் பெட்டிகள்போல ஒன்றுகூடப் பிசகாமல் வளைந்து போயிற்று அந்த வரிசை. நடுவில் ஒரு குட்டி வழுக்கிப் பிடியை விட்டது. கீச்சென்று ஒரு சத்தம். மொத்த ரயிலும் நின்றது. தாய் மூக்கை உயர்த்தித் துழாவினாள். குட்டி தட்டுத்தடுமாறி வந்து மறுபடி கவ்விக்கொண்டது. ரயில் கிளம்பிற்று. பாய் அடுக்கி வைத்திருந்த பழைய மரப்பலகைகளுக்கு அடியில் போய் மறைந்தது.

எலி இப்படிச் செய்யாது. வீட்டைச் சுற்றி நாம் பார்க்கும் வேறு எதுவும் இப்படிச் செய்யாது. ஹுய் மின் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவளே நேரில் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். பாய் பக்கம் திரும்பினேன். அவர் வாய் "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கைபேசி பிடித்த கை மட்டும் கல்லாக நின்றது. முழுவதையும் படம் பிடித்திருந்தார்.

என் கையில் குடையும் தே தாரிக்கும்தான் இருந்தன.

"பாய்! அனுப்புங்க, அனுப்புங்க. இப்பவே மேப்புல போட்டுடறேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "புள்ளி எங்க வைப்பீங்க?"

"பாத்த இடத்துல."

"இங்கயா?"

"இங்கதான்."

பாய் கைபேசியைப் பைக்குள் வைத்தார். "வேணாம் தங்கச்சி."

"பாய், இது எலி இல்ல."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேப்பப் பாக்குறவனுக்கு? காதர் கடையில என்னமோ இருக்குன்னுதான் படிப்பான். அந்த வால் கதை மறந்துபோச்சா?" பின்கதவைப் பாதி சாத்தினார். "கொஞ்சம் தள்ளிக் கோவில் பக்கம் வச்சிடுங்களேன். அங்கதான் எல்லாரும் ஆசையா கேக்குறாங்க."

சபலம் தட்டத்தான் செய்தது. தெருவைத் தாண்டினால் கோவில் சுவர். பாய்க்கும் பயம் போகும், செல்விக்கும் மனசு குளிரும், என் கட்டமும் வண்ணமாகும். ஆனால் பல்லைப் பிடுங்கும்போது வலிக்கிற பல்லைத்தான் பிடுங்க வேண்டும். பக்கத்தில் வசதியாக இருக்கிறதே என்று வேறு பல்லைப் பிடுங்க முடியாது.

"தள்ளி வச்சா அது பொய் மேப் பாய்."

"உங்களுக்கு அது மேப். எனக்கு இது கடை."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கிளம்பும்போது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே கிளினிக்குக்குப் போனேன்.

யாரிடமும் சொல்லக் கூடாத விஷயம்

வாக்கைக் காப்பாற்றினேன். கணவரிடம் சொன்னேன், அவர் நான் சொல்வதைக் கேட்பதில்லை என்பதால் அது கணக்கில் வராது. ஹுய் மின்னிடம்கூட வாய் திறக்கவில்லை. மாதத்தின் கடைசி நாளும் வந்தது. வெள்ளைக் கட்டம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மத்தியான இடைவேளையில் பூ வாங்கப் போனேன்.

செல்வி என்னோடு பேச்சு விட்டு நாளாயிற்று. அன்றைக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அக்கா, ரயில் பாத்தீங்களா?"

"எந்த ரயில்?"

"அதான்க்கா, பாய் போன்ல இருக்கே! முன்னால அம்மா மூஞ்சூறு, பின்னால வரிசையா குட்டிங்க. நடுவுல ஒண்ணு வழுக்கிடும், அய்யோ, எனக்கு உசிரே போயிடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னாரு."

"உன்கிட்ட மட்டும் காட்டினாரா?"

"எனக்கு, துணிக்கடையில, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில... அந்தச் சைனீஸ் அங்கிள் கடையிலயும் காட்டியிருக்காரு. எல்லார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதான் சொல்லியிருக்காரு."

பூவை வாங்காமலே கடைத்தெருவுக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு, ஓடினேன்.

பாய் கடையில் கூட்டம். கல்லாவைச் சுற்றி நாலைந்து தலைகள், நடுவில் கைபேசி. யாரும் முகம் சுளிக்கவில்லை. கூடையில் பருப்பும் புளியும் எடுத்து வைத்துக்கொண்டேதான் எட்டி எட்டிப் பார்த்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும், "எலியா பாய்?" என்று கேட்டாள்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

"எலியா? மூக்கப் பாரும்மா. எலிக்கு இப்படி மூக்கு இருக்குமா? கண்ணப் பாரு, கடுகு மாதிரி. வால் அடியில தடிச்சு இருக்கு பாத்தியா? இது தானியம் தொடாது. கரப்பான் பூச்சியத்தான் திங்கும். எலி வேற, இது வேற. எங்க கடையில எலி கிடையாது."

நிமிர்ந்தவர் வாசலில் என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, அசடு வழிந்தது. "பல்லு தெரியல தங்கச்சி. தெரிஞ்சிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க பாய்."

"நீங்க சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன்." அவரே சிரித்துவிட்டார். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் குரலை இறக்கினார். "மனசு கேக்கல தங்கச்சி. அத்தனை அழகைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? முதல்ல ஒருத்தருக்குக் காட்டினேன், பயந்துக்கிட்டே காட்டினேன். அவரு ஒண்ணும் சொல்லல, இன்னொரு தடவை போடுங்கன்னாரு. அப்பதான் தோணுச்சு. அன்னிக்கி அந்தக் கடையில வால மட்டும் காட்டினாங்க, எல்லாரும் எலின்னாங்க. நான் முழுசாக் காட்டினேன், ஒருத்தர்கூட மூஞ்ச சுளிக்கல."

கைபேசியை என் பக்கம் நீட்டினார். "எப்படி அனுப்புறதுன்னு பாருங்க. இங்கதான்னு போடுங்க. தள்ளியெல்லாம் வைக்காதீங்க."

வரைபடத்தைத் திறந்தேன். பச்சைப் புள்ளி, காதர் பாய் கடையின் பின்வாசல். அனுப்பி முடித்து மூச்சு விடுவதற்குள் ஹுய் மின்னிடமிருந்து குரல் செய்தி வந்தது. பாதி புரியவில்லை, கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் மட்டும் தெளிவாகக் கேட்டது: "கன்ஃபர்ம் லா, ஆன்ட்டி! கன்ஃபர்ம்!"

சாயங்காலமே நேரில் வந்துவிட்டாள், தொப்பியோடு. பலகை அடுக்கின் முன்னால் மண்டியிட்டு மோப்பம் பிடித்தாள். அவள் அம்மா இதைப் பண எலி என்பாராம். அது கத்துவது சில்லறை குலுங்குவதுபோல் கேட்குமாம், வீட்டுக்கு வந்தால் செல்வம் வந்த மாதிரி என்று விரட்டவே மாட்டார்களாம். அதை நான் பாய்க்கு மொழிபெயர்த்தேன். அந்தப் பலகைகளை அவர் இன்றுவரை நகர்த்தவில்லை.

வரைபடம் வெளிவந்தபோது எங்கள் கட்டத்தில் வண்ணம் இருந்தது. கோவில் சுவரோரம் எல்லாம் சிவப்பு. தெருவுக்கு இந்தப் பக்கம், பாய் கடைக்குப் பின்னால், ஒரே ஒரு பச்சை.

இரண்டு பொட்டலம்

அதைச் செல்வியிடம் காட்டத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் வெகு நேரம் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள்.

"சரி விடுங்கக்கா" என்றாள் கடைசியில். "தன் வாகனத்த எங்க நிறுத்தணும்னு பிள்ளையாருக்குத் தெரியாதா?"

அந்த வாக்கியத்துக்கு மேல் அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஹுய் மின்னுக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

கொஞ்ச நாளில் விநாயகர் சதுர்த்தி வந்தது. அன்று காலை நான் பாய் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வி புதுப் புடவையில் வந்தாள். கையில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

"கொழுக்கட்டை, பாய். சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன். தைரியமா சாப்பிடுங்க."

பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் எதிரெதிரே கடை வைத்திருந்தும் அவள் அவர் கடைப்படி ஏறி வந்தது அன்றுதான். "இது எனக்கு, சரி. அந்தச் சின்னது?"

செல்வி வெட்கப்பட்டாள். கண்ணால் பின்வாசலைக் காட்டினாள். "அது... பின்னால குடியிருக்கிறவங்களுக்கு."

எனக்கு வாய் துறுதுறுத்தது. மூஞ்சூறு இனிப்புத் தின்னாது, அதன் பல் அமைப்பே வேறு என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

செல்வி போகும்வரை இரண்டு பொட்டலங்களையும் பத்திரமாகக் கல்லா மேலேயே வைத்திருந்தார். அவள் தெருவைத் தாண்டித் தன் கடைக்குப் போய் உட்கார்ந்ததும் பெரிய பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார், அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். அப்புறம் சின்னப் பொட்டலத்தையும் பிரித்து, அதில் இருந்ததையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பாய், அது அவங்களுக்குக் கொடுத்தது!"

"பின்னால சாப்பாடு வச்சா எலி வரும் தங்கச்சி" என்றார் பாய், வாய் நிறைய. "எங்க கடையில எலி கிடையாது."

சொல்லிவிட்டு நன்றாகச் சிரித்தார். மேல்தாடை, இடது பக்கம். வெல்லப் பூரணத்திலும் பாலம் அசையாமல் நின்றது.